விடுதலையின் மறுபாதி

ஒருவன் பெற்ற விடுதலை எப்போது முழுமை அடைகிறது? பிறர் தன்னைக் கட்டி ஆளாத நிலையை அவன் எய்திய அன்றே அது நிறைவு பெறுகிறதா? அல்லது, தான் பிறரைக் கட்டி ஆளாத நிலையையும் அவன் எய்தும் வரை அது குறையுடையதாகவே இருக்குமா? உலகம் முதல் வினாவையே பெரிதும் பேசுகிறது. விடுதலை விழாக்களும் வீரர் சிலைகளும் அதற்கே எடுக்கப்படுகின்றன. தன் கழுத்துக் கயிறு அறுந்தவன், அறுந்த அக்கயிற்றைப் பின்னர் என்ன செய்தான் என்று கேட்பவர் மிகச் சிலரே.

இவ்வினாவை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் கண்ணாலும் காணத்தக்க இடம் ஒன்று கிரேக்க நாட்டில் உண்டு. அந்நாட்டின் தென்பகுதியாகிய பெலொப்பொன்னீசுத் தீபகற்பத்தில் மெசேனியா என்னும் மாவட்டம் இருக்கிறது. அதன் தலைநகர் கலமாட்டா என்னும் கடற்கரைப் பட்டணம். அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இத்தோமே மலைச்சரிவில், பண்டைய மெசேனே நகரின் இடிபாடுகள் பரந்து கிடக்கின்றன. பட்டணத்துக்கும் இடிபாடுகளுக்கும் இடையே வழிநெடுக ஒலிவத் தோப்புகள். ஆலிவ் எண்ணெய் என்று இன்று நம் கடைகளிலும் விற்கப்படுகிறதே, அந்த எண்ணெயின் தாயகங்களுள் இதுவும் ஒன்று. இம்மூன்றையும் ஒரே பகலில் கண்டு மீளலாம். ஒலிவ அறுவடை நடைபெறும் நவம்பர் மாதத்தில் நாங்கள் சிலர் அவ்வாறு சென்று வந்தோம். பயணக் குறிப்பு எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த ஒரு நாள் நம்முன் வைத்த அறவினாவை அன்பர்களோடு சேர்ந்து ஆராய்வதே நோக்கம்.

அடிமைகளுக்காக எழுந்த நகரம்

மெசேனியாவின் நிலம் மிக வளமானது. அவ்வளமே அந்நாட்டு மக்களுக்குக் கேடாய் முடிந்தது. கிழக்கே தாய்கெத்தோஸ் மலைக்கு அப்பால் இருந்த ஸ்பார்ட்டா நகரத்தார் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்து அந்நிலத்தைக் கைப்பற்றினர். நிலத்தோடு மக்களையும் கைப்பற்றினர். இவ்வாறு அடிமைப்பட்டோர் ஹெலாட்டுகள் எனப்பட்டனர். சொந்த மண்ணிலேயே உழுது, விளைந்ததில் பாதியைத் தம்மை வென்றவர்க்கு அளப்பது அவர்கள் தலைவிதியாயிற்று. பாரத்தால் நொந்த கழுதைகளுக்கு அவர்களை ஒப்பிட்டுப் பாடினார் திர்த்தையோஸ் என்னும் ஸ்பார்ட்டக் கவிஞர். அவர் பாடியது இரக்கத்தால் அன்று. வென்றவர் பெருமையைச் சொல்வதற்காக.

ஸ்பார்ட்டாவின் ஆட்சிக் குழுவினர் ஆண்டுதோறும் பதவி ஏற்றவுடன் ஹெலாட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பர் என்று அரிஸ்டாட்டிலைச் சான்று காட்டிப் புளூட்டார்க் எழுதியுள்ளார். ஏன் அப்படி? போரில் பகைவனைக் கொல்வது தீட்டாகாது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஹெலாட்டைக் கொல்பவன் கை கறைபடாதிருக்க ஆண்டுதோறும் ஒரு போர் தேவைப்பட்டது. பாவம் செய்யாதிருக்க வழி தேடுவது ஒரு நெறி. செய்யப்போகும் பாவத்துக்கு முன்கூட்டியே வேறு பெயர் சூட்டி வைப்பது இன்னொரு நெறி. ஸ்பார்ட்டா இரண்டாவதைத் தேர்ந்தது.

இதனினும் கொடிய செய்தி ஒன்றைத் துசிடிடிஸ் என்னும் வரலாற்றாசிரியர் பதிந்து வைத்தார். ஒரு காலத்தில் ஸ்பார்ட்டர், போரில் தங்களுக்குச் சிறப்பாக உதவியவர் யார் என்று தாங்களே கூறுமாறு ஹெலாட்டுகளைக் கேட்டனர். அத்தகையோர்க்கு விடுதலை வழங்கப்படும் என்றனர். ஏறத்தாழ 2000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் மாலை சூடிக் கோயில்களை வலம் வந்தனர். சில நாட்களில் அவர்கள் அனைவரும் மறைந்து போயினர். ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டார் என்பதை எவரும் அறியவில்லை. விடுதலையை முதலில் கேட்கத் துணிபவனே முதலில் எதிர்க்கவும் துணிவான் என்று ஆண்டவர் கணக்கிட்டனர். அவர்கள் விரித்தது ஒரு வலை. அதில் வைத்த இரை, விடுதலை என்னும் சொல்.

கி.மு. 464-இல் ஸ்பார்ட்டாவை நிலநடுக்கம் உலுக்கியபோது ஹெலாட்டுகள் கிளர்ந்தெழுந்து இத்தோமே மலையைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் போராடினர். முடிவில் நாட்டைவிட்டு நீங்குவது என்னும் உடன்படிக்கையின்மேல் வெளியேறினர். எஞ்சியோர் மீண்டும் ஏரில் பூட்டப்பட்டனர். கி.மு. 371-இல் லியூக்ட்ரா போர்க்களத்தில் தீப்ஸ் நகரத்தார் ஸ்பார்ட்டாவை முறியடித்தனர். வெற்றிபெற்ற தளபதி எப்பாமினோண்டாஸ் கி.மு. 369 அளவில் மெசேனியாவுக்குள் புகுந்து ஹெலாட்டுகளை விடுவித்தார். பல தலைமுறைகளுக்கு முன் இத்தாலிக்கும் சிசிலிக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் சிதறியோர் வழியில் வந்தவர்களையும் திரும்ப அழைத்தார். அவர்களுக்கென்று இத்தோமே மலையடியில் ஒரு புது நகரை நிறுவினார். அந்நகர் எழுப்பப்பட்டபோது வேலை முழுதும் குழலிசைக்கு இயைந்து நடந்தது என்கிறார் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பயணி பாசானியாஸ்.

அந்நகரின் மதில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுற்றளவு உடையது. சாந்து பூசாமல், செதுக்கிய பெருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. வடக்கே ஆர்க்கேடிய வாயில் என்று வழங்கும் கோட்டை வாயில் வட்டமான முற்றத்தோடு இன்றும் நிற்கிறது. அதன் மாபெரும் குறுக்குக்கல் ஒன்று சரிந்து, ஒரு முனை நிலத்திலும் மறுமுனை மேலுமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஊர்ச்சாலை இவ்வாயிலின் ஊடாகவே செல்வதால், ஏறத்தாழ 2400 ஆண்டுப் பழமை வாய்ந்த வாயில் வழியே இன்று சிற்றுந்துகள் போய்வருகின்றன. கைகளைக் கட்டி வைத்திருந்தவன் திரும்பி வந்துவிடக் கூடாதே என்னும் அச்சத்தில் விடுபட்ட கைகள் எழுப்பிய மதில் இது. அதன் கல்லைத் தொட்டு நிற்கும்போது மனம் நெகிழாதவர் இருக்க முடியாது.

எழுந்த வாதம்

மெசேனேயின் தோற்றம் கிரேக்க உலகத்தின் சிந்தனையையே கலக்கிற்று. நேற்று வரை அடிமையாயிருந்தவன் இன்று குடிமகன் என்றால், அடிமை என்பவன் யார்? ஏதென்சு நகர அறிஞர் ஐசோகிரட்டிஸ் ஸ்பார்ட்ட இளவரசன் ஆர்க்கிடாமஸ் பேசுவதாக ஓர் உரையை எழுதினார். தம் அடிமைகளைத் தம் நிலத்துக்கே உடையவராக்கித் தம் கண்முன் குடியேற்றுகிறார்களே என்று அவ்விளவரசன் அதில் குமுறுகிறான். இழந்த நிலத்தைவிட, தனக்குக் கீழே இருந்தவன் தனக்கு இணையாகிவிட்டானே என்பதுதான் அவனை வருத்துகிறது. உடைமையாளனின் உள்ளத்தை இதைவிட நேராகக் காட்டும் சான்று அரிது.

மறுபுறத்தில் அல்கிடமாஸ் என்பவர் எழுந்தார். இவர் எலாயா என்னும் ஊரினர். அதுவும் ஒரு கடற்கரை ஊர். அப்பெயரின் பொருளே ஒலிவம் என்பதாகும். மெசேனியருக்காக அவர் ஓர் உரை இயற்றினார். அவ்வுரை மறைந்து போயிற்று. ஆயினும் அதன் கருத்தை அரிஸ்டாட்டிலின் சொற்கலை நூலும் அதற்கு எழுந்த பழைய உரைக்குறிப்பும் காத்துத் தந்துள்ளன. இறைமை எல்லாரையும் கட்டின்றி விட்டது என்பதும், இயற்கை எவரையும் அடிமையாக ஆக்கவில்லை என்பதும் அக்கருத்து. மெசேனியர் அடிமைப்பட்டது தவறு என்று அவர் சொல்லவில்லை. எவர் அடிமைப்பட்டாலும் தவறு என்றார். ஒரு குடியின் வழக்கை வாதிடப் புகுந்தவர் மனிதகுலம் முழுவதன் வழக்கையும் வாதிட்டுவிட்டார்.

அரிஸ்டாட்டில் இதற்கு உடன்படவில்லை. சிலர் இயல்பாகவே ஆளத்தக்கவர், சிலர் இயல்பாகவே ஆளப்படத்தக்கவர் என்பது அவருடைய அரசியல் நூலின் வாதம். அடிமை உயிருள்ள உடைமை, உயிருள்ள கருவி என்று அவர் வரையறுத்தார். நெசவுத்தறியின் நாடா தானே ஓடுமானால் தலைவனுக்கு அடிமை வேண்டியிராது என்றும் குறிப்பிட்டார். இத்தகைய பேரறிஞர் தம் இறுதி முறியில், தமக்குப் பணிபுரிந்த பிள்ளைகளை விற்றல் ஆகாது என்றும், உரிய வயதில் தக்கவாறு அவர்களை விடுவிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்ததாக அவர் வரலாறு கூறுகிறது. அறிவு கட்டிய வாதத்தை இறுதி நாளில் அவர் உள்ளமே ஓரளவு தளர்த்திவிட்டது போலும்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் இருத்த வேண்டும். அடிமை வைத்திருத்தல் தவறு என்னும் எண்ணம் அக்காலத்தில் எவர்க்கும் தோன்றவில்லை என்று சொல்வார் உண்டு. ஆகவே பண்டையோரை இன்றைய அளவுகோலால் அளத்தல் முறையன்று என்பர். மெசேனியரைப் பொறுத்தவரை இவ்வாதம் செல்லாது. அவ்வெண்ணம் அவர்கள் காலத்திலேயே, அவர்கள் பெயராலேயே, அவர்களுக்காகவே கிரேக்க மொழியில் உரைக்கப்பட்டது. அதனைக் கேட்கும் உரிமையும் கடமையும் பிற எந்நகரத்தாரையும்விட மெசேனேவாசிகளுக்கே மிகுதி.

மதிலுக்குள் நேர்ந்தது

அவர்கள் கேட்டார்களா? மெசேனிய நாட்டு அண்டானியா என்னும் இடத்தில் நடைபெற்ற மறைவழிபாட்டு விழாவின் விதிகளைக் கூறும் நீண்ட கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது கி.மு. 91-ஐச் சார்ந்தது என்று அறிஞர் பலர் கொள்வர்; கி.பி. 24 என்பாரும் உளர். எவ்வாறாயினும் நகர் தோன்றிச் சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் பொறித்தது. ஹெலாட்டுகளின் வழிவந்தோர் தாமே எழுதிய சட்டம் அது.

அச்சட்டம் விழாச் சந்தையில் முறைதவறி நடப்போர்க்குத் தண்டனை வகுக்கிறது. தவறு செய்தவன் கட்டற்ற குடிமகனாயின் அவனுக்கு 20 டிராக்மா தண்டம். அடிமையாயின் கசையடி. விழாவுக்கு வரும் பெண்டிர் அணியும் ஆடையின் விலைக்கும் வரம்பு உண்டு. குடிமக்கள் வீட்டுப் பெண்ணுக்கு 100 டிராக்மா. அடிமைப் பெண்ணுக்கு 50. ஓடிவந்த அடிமைகளுக்குக் கோயில் புகலிடமாகும் என்றும் அதே கல்வெட்டு கூறுகிறது. ஆனால் அவர்களுக்கு எவரும் உணவோ வேலையோ தரலாகாது. பூசகர் விசாரித்து, அடிமையின்பால் குற்றம் உண்டென்று கண்டால் உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும்.

நேர்மையாகச் சொல்வதானால் இக்கல்வெட்டில் இரக்கமும் இருக்கிறது. வழிபாட்டில் அடிமைகளும் கலந்துகொள்ள இடம் இருந்தது. தப்பி வந்தவன் சொல்லைக் கேட்க ஒருவர் இருந்தார். எனினும் கசை கசைதான். தங்கள் மூதாதையர் முதுகில் விழுந்த அடியை மறவாமல் மதில் எடுத்த நகரம், பிறர் முதுகில் விழ வேண்டிய அடியைக் கல்லில் எழுதி வைத்தது.

இடிபாடுகளின் தென்பகுதியில் ஓட்டப்பந்தய அரங்கம் ஒன்று உள்ளது. தூண் வரிசைகள் சூழ்ந்த பெரிய அரங்கம். 1895-இல் தொடங்கிய அகழாய்வு 1980-களின் பிற்பகுதியிலிருந்து பெத்ரோஸ் தெமெலிஸ் என்னும் அறிஞரின் தலைமையில் பல்லாண்டு தொடர்ந்ததால் இவ்வரங்கமும் கோயிலும் சந்தையும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ரோமானியர் ஆட்சிக் காலத்தில் இவ்வரங்கின் ஒரு முனையைச் சுவரால் அடைத்து, வாள்வீரரும் கொடுவிலங்குகளும் பொருது மடியும் களமாக மாற்றினர். இத்தகைய களங்களில் இறக்கப்பட்டோர் பெரும்பாலும் அடிமைகளும் தண்டனைக் கைதிகளுமே. வாயற்ற விலங்குகளின் குருதியும் அம்மணலிலேயே கலந்தது. குழலிசையோடு பிறந்த நகரத்தில் இவ்வாரவாரமும் எழுந்தது. ஆர்க்கேடிய வாயிலிலிருந்து இவ்வரங்கத்துக்கு நடந்து செல்லச் சிறிது நேரமே ஆகும். ஆனால் அச்சிறு நடையில் நாம் கடப்பது விடுதலையின் ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் இடையே உள்ள தொலைவு.

முதற்பாதியைப் பிறர் நமக்குத் தர இயலும். எப்பாமினோண்டாஸ் தந்தார், மதில் காத்தது. மறுபாதியை எந்தத் தளபதியும் தர முடியாது. அது பெறும் பொருள் அன்று, விடும் பொருள். பிறனைத் தனக்குரிய பொருளாகக் கொள்ளும் பற்றை அவனவனே விட்டாலன்றி அது கைகூடாது. ஆளப்பட்டபோது வலித்தது என்பதற்காக ஆளும் ஆசை தானாக அற்றுப் போவதில்லை. சிலரிடத்தில் வலி இரக்கமாகக் கனிகிறது. பலரிடத்தில் அது ‘இனி என் முறை’ என்னும் எண்ணமாகவே திரிந்துவிடுகிறது.

எண்ணெய் யாருக்கு?

இடிபாடுகளை விட்டுக் கீழே இறங்கினால் ஒலிவத் தோப்புகள். மரங்கள் முறுக்கேறிய அடியும் வெள்ளி பூசியது போன்ற இலையும் உடையவை. இவ்வட்டாரத்தில் எண்ணெய்க்குரியது கொரோனெய்கி என்னும் வகை. அதன் காய் மிகச் சிறியது. கலமாட்டா என்று ஊர்ப்பெயரால் உலகெங்கும் வழங்கும் கருஞ்செங்காய் உப்புநீரில் ஊறவைத்து உண்பதற்கு உரியது. அறுவடைக்கு மரத்தடியில் வலைகளை விரிப்பர். கோலாலும் சீப்புப் போன்ற கருவியாலும் கிளைகளைக் கோதுவர். காய்கள் வலையில் உதிரும். மூட்டை கட்டிக் காலம் தாழ்த்தாமல் ஆலைக்கு அனுப்புவர். முற்காலத்தில் நம் செக்கைப் போன்ற கல்லில் அரைத்துப் பிழிந்தனர். இன்று பொறி அரைக்கிறது. கூழை மெல்லப் பிசைந்தபின் சுழற்சிப் பொறி எண்ணெயைப் பிரிக்கிறது. கூழின் வெப்பம் 27 பாகைக்கு மேற்படாதிருந்தால்தான் அதனைக் குளிர்முறை எண்ணெய் என்பர். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 5 கிலோ காய் வேண்டும்.

பண்டைய கிரேக்கர்க்கு ஒலிவ எண்ணெய் உணவு மட்டுமன்று. அது விளக்கில் எரிந்தது, உடலிலும் பூசப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் இளைஞர் எண்ணெய் பூசி மற்போர் பயின்றனர். மெசேனேயின் அரங்கத்தை அடுத்தும் அத்தகைய கூடம் ஒன்றின் தூண்கள் நிற்கின்றன. ஏதென்சு நகரில் சோலோன் இயற்றியதாக வழங்கிய சட்டம் ஒன்றை ஐஸ்கினிஸ் என்னும் பேச்சாளர் எடுத்துக்காட்டுகிறார். அடிமை பயிற்சிக் கூடத்தில் பயிலவும் ஆகாது, எண்ணெய் பூசிக்கொள்ளவும் ஆகாது என்பது அச்சட்டம். தோப்பில் காய் உதிர்த்த கையும் செக்கில் கல்லைத் தள்ளிய தோளும் அடிமையுடையனவாக இருந்திருக்கலாம். ஆயினும் அவ்வெண்ணெய் பளபளக்க வேண்டிய தோல் குடிமகனுடையது. ஒருவன் விளைவித்த பொருளே அவனுக்கும் பிறர்க்கும் இடையே வேலியாக வைக்கப்பட்டது.

நாங்கள் நின்ற தோப்பில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோப்புக்கு உடையவர், அவர் மனைவி, வயது முதிர்ந்த தாயார், கூலிக்கு வந்த இளைஞர் இருவர் ஆகியோர் வேலை செய்தனர். அவ்விளைஞர் வங்காள தேசத்தவர். எங்கள் முகத்தைக் கண்டு அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தனர். நண்பகலில் வேலை நின்றது. தாயார் துணி விரித்து ரொட்டியும் வேகவைத்த கீரையும் ஒலிவக் காயும் எடுத்து வைத்தார். ஐவரும் ஒரே துணியைச் சுற்றி அமர்ந்தனர். உடையவர் எண்ணெய்க் குப்பியை எடுத்து முதலில் அவ்விளைஞர் தட்டில் ஊற்றினார். அதில் எவரும் சிறப்பெதுவும் கண்டதாகத் தெரியவில்லை. நாள்தோறும் நடப்பது போலவே நடந்தது. அன்று மெசேனியாவில் நாம் கண்டவற்றுள் மிக உயர்ந்தது எது என்று எவரேனும் கேட்டால், மதில் என்றோ தூண் என்றோ சொல்லோம். அத்துணியையே சொல்வோம்.

கடற்கரை நகரின் முறையீடு

மாலையில் கலமாட்டாவை அடைந்தோம். மெசேனிய வளைகுடாவின் கரையில், பின்னே மலையும் முன்னே கடலுமாக அமைந்த நகரம். 1986 செப்டம்பர் 13-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் பெரிதும் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டது. பழைய பகுதியில் திருத்தூதர் கோயில் என்னும் சிறு தேவாலயம் உள்ளது. துருக்கியர் ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், 1821 மார்ச் 23 அன்று இந்நகரம் விடுபட்டது. அக்கோயில் அந்நாளின் நினைவிடமாகப் போற்றப்படுகிறது.

அதே ஆண்டில் கலமாட்டாவில் கூடிய மெசேனிய மன்றத்தார் அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்களுக்கு ஒரு முறையீடு விடுத்தனர். விடுதலை குடிகொண்ட நாட்டினரே, அடிமைத்தளையில் வாடும் எங்களுக்கு உதவுங்கள் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் அது அச்சேறிப் பலர் உள்ளத்தை உருக்கிற்று. அந்நாளில் அமெரிக்காவின் நிலை என்ன? 1820-ஆம் ஆண்டின் குடிமக்கள் கணக்குப்படி அங்கே 15 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடிமைகளாய் இருந்தனர். கடல்கடந்த அடிமைக்காகக் கண்ணீர் வடித்தவருள் பலர் தம் பருத்தி வயலில் இருந்த அடிமையைக் காணவில்லை. தொலைவில் உள்ளவன் துயரம் நம்மிடம் இரக்கத்தை மட்டுமே கேட்கிறது. அருகில் உள்ளவன் துயரமோ நம் உடைமையையும் கேட்கிறது.

ஆயினும் சிலர் கண்டனர். சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்னும் அமெரிக்க மருத்துவர் கிரேக்கம் சென்று போரில் தொண்டு புரிந்தார். பின்னர்த் தாயகத்தில் கறுப்பின மக்களின் அடிமைத்தளையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவரானார். கிரேக்கரும் கண்டனர். 1823-இல் அதே பெலொப்பொன்னீசில் அஸ்த்ரோஸ் என்னும் ஊரில் கூடிய அவர்களது தேசிய மன்றம் தன் அரசமைப்பில் ஒரு விதியை எழுதிற்று. கிரேக்க எல்லைக்குள் மனிதனை விற்பதும் வாங்குவதும் இல்லை. எவ்வினத்தவனாயினும் எச்சமயத்தவனாயினும் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை கிரேக்க மண்ணில் கால் வைத்தவுடன் விடுபட்டவனாவான். இது வென்று முடித்தவர்கள் நிதானமாக அமர்ந்து எழுதிய சட்டமன்று. போர் நடந்துகொண்டிருந்தது, கருவூலம் வெறுமையாய் இருந்தது, முடிவு எப்படியாகும் என்று எவரும் அறியார். அந்நிலையிலும் தம் கட்டு அறுமுன்னரே பிறர் கட்டை அறுக்கத் துணிந்தனர். சூழ்நிலை இடந்தரவில்லை என்று சாக்குச் சொல்வார் எவர்க்கும் அஸ்த்ரோஸ் மன்றத்தார் விடையளித்துவிட்டனர். பழைய மெசேனேயில் எழுதப்படாத மறுபாதி இங்கே எழுதப்பட்டது.

எழுதிய பின்னும் காக்க வேண்டியது

எழுதினால் போதுமா? 2013 ஏப்ரலில் இதே தீபகற்பத்தின் மேற்குக் கரையில், மெசேனியாவுக்கு வடக்கே மனோலடா என்னும் ஊரில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் வங்காள தேசத்து இளைஞர் பலர் வேலை செய்தனர். ஏழு மணி நேர வேலைக்கு 22 யூரோ என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆயுதம் தாங்கிய காவலர் பார்வையில் உழைத்தனர். கழிப்பிடமும் குழாய்நீரும் இல்லாத குடில்களில் உறங்கினர். பல மாதக் கூலி நிலுவையில் நின்றது. கூலியைக் கேட்டுத் திரண்டபோது காவலர் சுட்டனர். ஏறத்தாழ 30 பேர் காயமுற்றனர். உள்நாட்டு நீதிமன்றம் 2014-இல் ஆட்கடத்தல் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. கட்டாய உழைப்பிலிருந்து அவர்களைக் காக்க அரசு தவறியது என்று அது 2017 மார்ச் 30-இல் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் நுட்பம் நம் சிந்தனைக்கு உரியது. அத்தொழிலாளர் தாமே விரும்பி வந்தவர்கள், அவர்களைப் பூட்டி வைக்கவில்லை, வெளியே போய்வந்தனர். அங்ஙனமாயின் அடிமைத்தனம் எங்கே என்று ஒரு சாரார் கேட்டனர். தொடக்கத்தில் இசைந்தான் என்பதனாலேயே பின்னர் நடப்பதெல்லாம் இசைவோடு நடப்பதாகாது என்றது நீதிமன்றம். வறியவன் நிலையைப் பயன்படுத்திக்கொண்டு, போனால் உழைத்த கூலியும் போகும் என்னும் நிலையில் ஒருவனை நிறுத்தினால் அவன் கட்டுண்டவனே. சங்கிலி இரும்பால் ஆக வேண்டுவதில்லை. தராமல் வைத்திருக்கும் கூலியாலும் அதனைச் செய்யலாம்.

மனோலடாவில் நிகழ்ந்ததைக் கொண்டு ஒரு நாட்டையே பழித்தல் தகாது. ஒரே மண்ணில், ஒரே நாட்டிலிருந்து வந்த இளைஞர்க்கு ஓரிடத்தில் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. இன்னோரிடத்தில் கிடைத்தது எண்ணெய் ஊற்றிய தட்டு. வேறுபாட்டை விளைவித்தது சட்டமன்று. சட்டம் இரண்டிடத்துக்கும் ஒன்றுதான். தன்கீழ் வேலை செய்பவனைக் கருவியாகக் காண்பதா, உடனுண்ணும் மனிதனாகக் காண்பதா என்னும் உள்ளத் தெரிவே இரண்டையும் பிரித்தது. அரிஸ்டாட்டில் உயிருள்ள கருவி என்றாரே, அவ்வரையறையில் கருவி என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொள்வோர் இன்றும் உளர். உயிருள்ள என்ற சொல்லைப் பற்றிக்கொள்பவர்க்கு மற்றச் சொல் தானே நழுவிப் போகும்.

இனி இவ்வினா நம் வாயிற்படிக்கு வருகிறது. நம்முள் எவரும் அடிமை வைத்திருக்கவில்லை. ஆயினும் நம் வீட்டிலும் வயலிலும் கடையிலும் நமக்காக உழைப்பவர் உளர். அவர்களைக் குறித்து நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில உண்டு. இவர் நாளையே வேலையை விட்டுப் போக எண்ணினால் அச்சமின்றிப் போக முடியுமா? கொடுத்த முன்பணத்தைக் கயிறாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா? கூலி உரிய நாளில் அவர் கைக்குச் சேர்கிறதா? அவர் சமைத்ததை உண்ணும் நாம் அவர் உண்டாரா என்று கேட்கிறோமா? நாம் பருகும் குவளை அவர்க்கும் உரியதா, அல்லது அவர்க்கென ஒரு குவளை தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? இவை சிறிய வினாக்கள். விடுதலையின் மறுபாதி இத்தகைய சிறிய வினாக்களால்தான் அளக்கப்படுகிறது.

தாம் பட்ட துன்பத்தை நினைவில் வைத்திருத்தல் ஒவ்வொரு குடிக்கும் இயல்பு. மெசேனியரும் மறக்கவில்லை, 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லில் அடுக்கி நினைவில் வைத்தனர். நினைவு மதிலாக மட்டும் நின்றால் அது நம்மைக் காக்கும், பிறரைக் காவாது. அதே நினைவு, பிறனுக்கு இதனைச் செய்யேன் என்னும் உறுதியாக மாறும்போதுதான் அறமாகிறது. நம்மை ஒருவர் கட்டாதிருக்க வேண்டும் என்று வேண்டுவோம். அதனினும் மேலாக, நம் கையில் எவரையும் கட்டிய கயிறு இல்லாதிருக்க வேண்டும் என்று நாள்தோறும் நம் கையை நாமே பார்த்துக்கொள்வோமாக.